பேட்டரி ஸ்பிரேயருக்கு லித்தியம்: பதிவு பெற்ற பேக்கை வாங்குவதா, நாமே கட்டிப் பதிவு செய்வதா, லெட் ஆசிடிலேயே இருப்பதா?

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரைச் செய்து விற்கும் சிறு பட்டறைகள் இப்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. 12 வோல்ட் 8 ஏஎச் (ஆம்பியர் அவர்) லெட் ஆசிட் பேட்டரியை விட்டு லித்தியத்துக்கு மாறலாமா? விவசாயிகள் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் கேட்கிறார்கள். மாறுவதென்றால் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.-இன் பதிவு கட்டாயம் என்ற விதி முன்னால் நிற்கிறது. அதை எப்படிக் கடப்பது என்பதில்தான் குழப்பம்.

கண்முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே பதிவு பெற்ற தயாரிப்பாளரிடம், பல செல்களைச் சேர்த்துக் கட்டிய முழு பேக்காக வாங்கி மாட்டுவது ஒன்று. செல் வாங்கி நாமே பேக் கட்டி, நம் பட்டறையின் பெயரிலேயே பதிவு எடுப்பது இரண்டாவது. பதிவு பெற்ற செல்லை வாங்கி, பேக்குக்குப் பதிவு எடுக்காமலே கட்டி விற்பது மூன்றாவது. பலர் செய்வது இதுதான். லெட் ஆசிடிலேயே தொடர்வது நான்காவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்குச் சில ஆயிரம் ஸ்பிரேயர் விற்கும் பட்டறைக்கு முதல் வழிதான் சரி, அதுவும் சில நிபந்தனைகளோடு. விற்பனை பெருகி, பேக்கின் வடிவமைப்பு இனி மாறாது என்ற நிலை வந்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். மூன்றாவது சட்டப்படியும் தப்பு, வாங்குகிறவரின் உயிருக்கும் ஆபத்து. நான்காவது பலர் நினைப்பதைவிட மரியாதையான வழி.

விதி எங்கிருந்து வருகிறது

மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012 அக்டோபரில் கொண்டுவந்தது. முதல் பட்டியலில் பேட்டரி இல்லை. 2014 நவம்பரில் பட்டியலை நீட்டியபோதுதான், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான செல்களும் பேட்டரிகளும், பவர் பேங்கும், மொபைல் போனும் உள்ளே வந்தன. பேட்டரிக்கான தரம் ஐ.எஸ். 16046. 2018-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: நிக்கல் வகைகளுக்குப் பகுதி 1, லித்தியத்துக்குப் பகுதி 2. பகுதி 2 என்பது ஐ.இ.சி. 62133-2 என்ற சர்வதேசத் தரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஆணையின் வாசகத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார மின்பகுளியோ, அமிலம் அல்லாத வேறு மின்பகுளியோ கொண்ட செல்களும் பேட்டரிகளும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே லெட் ஆசிட் இதற்குள் வராது. லித்தியம் வேண்டாம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. பகுதி 1 அதற்காகவே இருக்கிறது.

ஸ்பிரேயர் என்ற கருவி இந்த ஆணையின் பட்டியலில் இல்லை. அதனால் "எங்கள் பொருளுக்கு பி.ஐ.எஸ். தேவையில்லை" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். கருவிக்குத் தேவையில்லை என்பது சரி. அதன் உள்ளே இருக்கும் பேட்டரிக்குத் தேவை. தனியாக விற்றாலும் கருவியோடு சேர்த்து விற்றாலும் பேட்டரி பேட்டரிதான். இதே பட்டறையில் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. கைவிளக்கும் செய்தால், அது 2017-இல் பட்டியலில் சேர்ந்துவிட்டது; அதற்கு பேட்டரிக்கும் விளக்குக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

மின் ஸ்கூட்டர் பேட்டரிக்கான விதி வேறு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழ்த்தளத்து ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த ஓட்டலுக்குப் பரவி 8 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுதான் இரு சக்கர மின் வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தைத் திருத்தி இறுக்கினார்கள். டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் இறுதியில் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. அது போக்குவரத்துத் துறையின் வழி. ஸ்பிரேயர் பேட்டரி அதில் சேராது. ஆனாலும் அந்தத் திருத்தத்தில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு, பின்னால் வருகிறேன்.

பதிவு என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு பி.ஐ.எஸ். அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்து பார்ப்பார்கள். கட்டாயப் பதிவுத் திட்டத்தில் அப்படி முன்கூட்டியே வந்து பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் தானே மாதிரியை எடுத்து, பி.ஐ.எஸ். அங்கீகரித்த லேபில் சோதித்து, ரிப்போர்ட்டை வைத்து விண்ணப்பிக்கிறார். "என் பொருள் தரத்துக்கு உட்பட்டது" என்று அவர்தான் உறுதி தருகிறார். அதற்கு 'ஆர்' என்று தொடங்கும் 8 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பேட்டரி மேல் அது அச்சாகியிருக்க வேண்டும். பிறகு பி.ஐ.எஸ். சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும். தேறாவிட்டால் பதிவு போகும்.

அந்தப் பதிவு ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் தொழிற்சாலைக்கும், அங்கே செய்யப்படும் குறிப்பிட்ட மாடல்களுக்கும் மட்டும்தான். அதே கம்பெனியின் இன்னொரு ஊர்த் தொழிற்சாலைக்கு வேறு பதிவு வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சோதனை எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது

ஸ்பிரேயர் செய்கிறவர்கள் தரத்தின் பெயரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உள்ளே என்ன சோதனை என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொண்டால்தான் பேக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று புரியும்.

முழு சார்ஜில் இருக்கும் செல்லை அடுப்பில் வைத்து 130 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவார்கள். 13 கிலோ நியூட்டன் விசையில் நசுக்குவார்கள். வெளியே ஷார்ட் செய்வார்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் மூன்று முறை போடுவார்கள். பேக்கின் பெட்டியை 70 டிகிரியில் 7 மணி நேரம் வைத்து, உருகி உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றிப் பார்ப்பார்கள். எந்தச் சோதனையிலும் தீப்பிடிக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. தொடரில் கட்டிய செல்களில் எந்த ஒன்றின் வோல்டேஜும் தனியாக எல்லையைத் தாண்டாதபடி கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதும் தரத்திலேயே உள்ளது. இந்தக் கட்டுப்பாட்டைச் செய்யும் பி.எம்.எஸ். பலகை இல்லாத பேக் ஏன் கூடாது என்பதற்கு அதுவே பதில்.

இவ்வளவும் நல்ல சோதனைகள். ஸ்பிரேயருக்கு வேண்டிய ஒன்று மட்டும் இதில் இல்லை: தண்ணீர். ஐ.எஸ். 16046 பகுதி 2-இல் தண்ணீர் புகும் சோதனையே கிடையாது. 16 லிட்டர் மருந்துக் கரைசலுக்கு அடியில், கசியக்கூடிய மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறது நம் பேட்டரி. பூச்சி மருந்தும் உப்புச் சத்தும் கலந்த தண்ணீர் பி.எம்.எஸ். பலகையில் இறங்கினால் அரிப்பு தொடங்கும், எப்போது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. திருத்திய ஏ.ஐ.எஸ். 156, ஸ்கூட்டர் பேக்குக்குத் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் அளவில் நீர்த்தடுப்பு கேட்கிறது. நம் விதி கேட்கவில்லை. விதி கேட்காவிட்டாலும் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். தரத்தில் சார்ஜ் செய்வதற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமான வெப்ப வரம்பு 10 முதல் 45 டிகிரி வரை. கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கொட்டகைக்குள் சார்ஜில் போட்டால் பேக்கின் சூடு அந்த 45-ஐத் தாண்டும். ஊட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி விடியற்காலையில் சார்ஜ் போட்டால் 10-க்குக் கீழே இருக்கும். இரண்டும் செல்லுக்கு ஆகாது. குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியத் தொடங்கும், அதுதான் பிற்பாடு உள் ஷார்ட்டுக்கு வழி. வெப்பநிலையைப் பார்த்து சார்ஜை நிறுத்தும் சென்சார் உள்ள பி.எம்.எஸ். வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உள் ஷார்ட் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். செல்லைப் பிரித்து உள்ளே சிறு நிக்கல் துகள் ஒன்றை வைத்து அழுத்திப் பார்ப்பது அந்தச் சோதனை. தொழிற்சாலையில் தெரியாமல் விழும் உலோகத் தூள் என்ன செய்யும் என்பதை அது காட்டும். சர்வதேசத் தரத்தில் அதை பிரான்ஸ், ஜப்பான், கொரியா, சுவிட்சர்லாந்து ஆகிய 4 நாடுகளுக்கு என்றுதான் குறித்திருக்கிறார்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஏற்றுமதியாகும் செல் மாடலாக இருந்தால், இந்தச் சோதனை ரிப்போர்ட் தயாரிப்பாளரிடம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்; தந்தால் அது கூடுதல் தெம்பு.

பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கும் இந்தச் சான்றுக்கும் சம்பந்தம் இல்லை. இது பாதுகாப்புக்கான தரம். "பி.ஐ.எஸ். பேட்டரி, 2,000 சைக்கிள் தாங்கும்" என்று ஒரே மூச்சில் சொல்கிற விற்பனையாளரிடம், இரண்டாவதற்குத் தனி ஆதாரம் கேளுங்கள்.

சான்று இருந்தும் தவறு நடந்த கதைகள் உலகம் அறிந்தவை. 2025 ஜூனில் சீனாவில் ரோமோஸ் நிறுவனம் சுமார் 4.9 லட்சம் பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. ஆங்க்கர் நிறுவனம் அங்கே 7 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. செல் கொடுத்தவர் அனுமதி இல்லாமல் மூலப்பொருளை மாற்றியிருந்தார் என்று ஆங்க்கர் சொன்னது. சோதனைக்குப் போன செல்லும் பிறகு வந்த செல்லும் ஒன்றாக இல்லை என்பதுதான் விஷயம். அந்த மாதம் 28-ஆம் தேதி முதல் சீன உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் கட்டாயத் தரச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கையே ஏற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கே இந்த நிலை என்றால், சப்ளையர் சொல்லும் ஒரு நம்பரை மட்டும் நம்பி வாங்கும் சிறு பட்டறை இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழியை முதலில் தள்ளிவிடலாம்

"செல்லுக்கு ஆர் நம்பர் இருக்கிறது சார், நாங்கள் சேர்த்துக் கட்டுகிறோம், அவ்வளவுதான்." இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். செல்லுக்கு ஒரு பதிவு, அந்தச் செல்லால் கட்டிய பேக்குக்கு வேறு பதிவு. செல் பதிவு பெற்றிருந்தால் பேக்கைச் சோதிக்கும்போது செல் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, அந்த அளவுக்குத்தான் உதவும். நான்கு செல்லை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டு செய்து, பி.எம்.எஸ். மாட்டி, மேலே சுருங்கும் உறை போட்ட உடனே அது புதிய பொருள். அதற்கு நீங்கள்தான் உற்பத்தியாளர்.

2016-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தில் இதற்கு வைத்த தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதம் பொருளின் மதிப்பைப் போலப் பத்து மடங்கு வரை போகலாம். சட்டத்தை விடுங்கள். தீ விபத்துகள் பெரும்பாலும் செல்லில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். கைவேலையில் கட்டிய பேக்கில் வெல்டின் கூர்முனை உறையைக் குத்துவது, பாசிட்டிவ் முனையில் மின்காப்புக்கான பார்லி பேப்பர் வளையம் விட்டுப்போவது, பேலன்ஸ் ஒயர் பட்டைக்கு அடியில் நசுங்குவது எல்லாம் கட்டுகிற இடத்தில் வரும் குறைகள். செல்லின் சான்று இவற்றில் ஒன்றையும் தொடாது.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத புது உறை போட்ட செல் ஆகியவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை இன்னொருவர் முதுகில் மாட்டி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

பதிவு பெற்ற பேக்கை வாங்குவது

இந்த வழியின் பெரிய லாபம் காலம். ஸ்பிரேயரின் பேட்டரி அறையை, சந்தையில் கிடைக்கும் பதிவு பெற்ற பேக்கின் அளவுக்கு மாற்றிவிட்டால் அடுத்த மாதமே விற்பனைக்குப் போகலாம். முதலில் பேக்கைத் தேர்ந்தெடுத்து, பிறகு பிளாஸ்டிக் அச்சைத் திருத்துங்கள். நம்மிடம் இருக்கும் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி பேக்கை வெட்டித் தரச் சொன்னால், அது பதிவில் இல்லாத மாடலாகிவிடும்.

எந்த வேதியியல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி., நான்கு செல் தொடர். வெப்பத்தில் என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் வகை) அளவுக்குச் சீக்கிரம் கட்டுமீறிப் போகாது என்பது ஒரு காரணம். கிராமத்தில் உண்மையில் நடப்பது இன்னொரு காரணம். வீட்டில் பழைய லெட் ஆசிட் சார்ஜர் கிடக்கும். புது சார்ஜர் கெட்டால் அதைத்தான் சொருகுவார்கள். அது 14.4 வோல்ட் வரை தரும். நான்கு எல்.எஃப்.பி. செல்லுக்குப் பிரித்தால் செல்லுக்கு 3.6 வோல்ட், எல்லைக்குள் வருகிறது. அதே சார்ஜரை மூன்று என்.எம்.சி. செல் கொண்ட பேக்கில் சொருகினால் செல்லுக்கு 4.8 வோல்ட், அதன் எல்லை 4.2. அந்த இடத்தில் காப்பாற்ற பி.எம்.எஸ். ஒன்றுதான் இருக்கிறது, அது பழுதானால் எதுவும் இல்லை. சார்ஜர் முனையையே வேறு வடிவத்தில் வைத்துவிடுவது இதைவிட நல்லது. இரண்டையும் செய்யுங்கள்.

32700 அளவு எல்.எஃப்.பி. செல் 6 ஏஎச் கொண்டது. நான்கைத் தொடரில் போட்டால் 12.8 வோல்ட், 76.8 வாட் அவர். செல்களின் எடை மட்டும் 600 கிராமைச் சுற்றி வரும். 12 வோல்ட் 8 ஏஎச் லெட் ஆசிட் 2 கிலோவுக்கு மேல். நாள் முழுக்க 16 கிலோ தண்ணீரோடு வரப்பில் நடக்கிறவருக்கு அந்த ஒன்றரை கிலோ பெரிய விஷயம். 12 ஏஎச் பேக் வேண்டும் என்று போனால் 153.6 வாட் அவர் ஆகிறது. பேட்டரிப் போக்குவரத்தில் 100 வாட் அவர் ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் கூரியர், விமான சரக்கு விதிகள் கடுமையாகும். வெளியூருக்கு உதிரி பேக் அனுப்பும் பட்டறைக்கு 6 ஏஎச் பேக்தான் தலைவலி குறைவு. எந்த அளவானாலும் ஐ.நா. 38.3 என்ற போக்குவரத்துச் சோதனையின் சுருக்க அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது பி.ஐ.எஸ். பதிவிலிருந்து வேறானது, ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தம் இல்லை.

சரிபார்ப்பது எப்படி? பி.ஐ.எஸ். கேர் செயலியில் ஆர் நம்பரைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா, யாருடையது என்று தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பேக்கின் லேபிளில் உள்ள தொழிற்சாலை முகவரியும் பதிவில் உள்ள முகவரியும் ஒன்றா பாருங்கள். தரம் பகுதி 2-ஆ பாருங்கள். அந்த எண் செல்லுக்கானதா, பேக்குக்கானதா என்று கேளுங்கள். செல்லின் எண்ணையே பேக் மேல் ஒட்டி அனுப்புவது நடக்கிறது. உங்கள் மாடல் எண் பதிவின் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று சான்றிதழ் நகலில் தேடுங்கள். பேக் மேல் உங்கள் பிராண்ட் பெயர் வர வேண்டுமென்றால் அந்தப் பிராண்டும் பதிவுக்குள் வந்திருக்க வேண்டும். அதுவரை அவர்களுடைய பெயரிலேயே பேக் இருக்கட்டும், ஸ்பிரேயர் மேல் உங்கள் பெயர் இருந்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து நேராக பேக் இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வரி. வெளிநாட்டுத் தொழிற்சாலைதான் பதிவு எடுக்க வேண்டும், இந்தியாவில் அதற்கு அலுவலகம் இல்லையென்றால் இங்கே அதிகாரம் பெற்ற பிரதிநிதி ஒருவர் வேண்டும், பொறுப்பு அவர் தலையில் விழும். தெரியாத தொழிற்சாலைக்காக அந்தப் பிரதிநிதியாக நீங்களே கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வழியின் குறை, நம் கையில் கட்டுப்பாடு இல்லாதது. அடுத்த லாட்டில் வேறு செல் வரலாம், மலிவான பி.எம்.எஸ். வரலாம், வெளியே லேபிள் அதேதான். அதனால் கொள்முதல் ஆர்டரிலேயே செல்லின் தயாரிப்பாளர், மாடல், பி.எம்.எஸ். மாடல் எல்லாவற்றையும் எழுதி, மாற்றுவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் போடுங்கள். போட மறுக்கிற சப்ளையரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

நாமே கட்டிப் பதிவு எடுப்பது

இதில் பெருமையும் உண்டு, நல்ல லாபமும் உண்டு. நம் பெட்டிக்கு ஏற்ற வடிவம், நாம் தேர்ந்தெடுத்த செல், சர்வீஸுக்கு நம்மிடமே உதிரி. செலவை மட்டும் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

லேப் கட்டணம், பி.ஐ.எஸ். கட்டணம், சோதனையில் அழியும் மாதிரிகள், ஆலோசகர் வைத்தால் அவருக்கான தொகை என எல்லாம் சேர்ந்து ஒரு மாடலுக்கு 3 லட்சம் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 பேக் செய்தால் ஒன்றுக்கு 600 ரூபாய். 10,000 செய்தால் 30 ரூபாய். முதல் கணக்கில் பதிவு பெற்ற பேக்கை வாங்குவதே மலிவு, இரண்டாவதில் நாமே பதிவு எடுப்பதுதான் லாபம். உங்கள் லேப் தரும் விலைப்புள்ளியை இந்தக் கணக்கில் போட்டால் உங்களுக்கான எண் கிடைத்துவிடும். பெங்களூரில் பேட்டரிக்கான அங்கீகார லேப்கள் இருக்கின்றன, இரண்டிடமாவது விலை கேளுங்கள்.

ஒருமுறை செலவோடு முடிவதில்லை. பதிவுக்கு காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும். லேப் ரிப்போர்ட் கிடைத்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சந்தை மாதிரிச் சோதனைக்கான செலவும் பதிவு பெற்றவர் கணக்கில்தான். செல் மாடலை மாற்றினால் திரும்பச் சோதனை. விலை ஏறி இறங்கும் செல் சந்தையில், போன மாதம் கிடைத்த செல் இந்த மாதம் இல்லை என்ற நிலை சிறு வாங்குபவருக்கு அடிக்கடி வரும். பதிவில் இருக்கும் செல் கிடைக்கவில்லையென்று கையில் கிடைத்ததைப் போட்டு அதே எண்ணை ஒட்டத் தோன்றும். அந்த நெருக்கடியைத் தாங்க முடியாத பட்டறை இந்த வழிக்கு இன்னும் தயாராகவில்லை.

பட்டறையும் மாற வேண்டும். செல்களின் கொள்ளளவையும் உள் தடையையும் அளந்து ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்கும் கருவி, நிலையான மின்னோட்டம் தரும் ஸ்பாட் வெல்டர், சுத்த நிக்கல் பட்டை (நிக்கல் பூசிய இரும்பு துருப்பிடிக்கும், சூடும் ஏறும்), கட்டி முடித்த ஒவ்வொரு பேக்கையும் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்கும் ரேக், செல் வைக்கத் தனி அறை. வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் அதே கூடத்தின் மூலையில் மேஜை போட்டு லித்தியம் பேக் கட்டக் கூடாது. இரும்புத் தூள் பறக்கும் இடம் அது.

எல்லாம் இருக்கிறது, ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் ஒரே மாடல் போகிறது என்றால் தாராளமாக இறங்குங்கள். தமிழ்நாட்டில் நல்ல பேக் தயாரிப்பாளர்கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

லெட் ஆசிடிலேயே இருப்பது

இதைத் தோல்வி போலப் பேசுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பதிவு விதி இதற்கு இல்லை. எந்த ஊர்க் கடையிலும் மாற்று பேட்டரி கிடைக்கும். பழைய பேட்டரிக்குக் காசு கிடைக்கும், அதனால் அது குப்பையில் போகாமல் திரும்பி வருகிறது. சார்ஜர் மாற்றிச் சொருகினாலும் பெரிய ஆபத்து இல்லை. தினமும் ஓடுகிற வாடகை ஸ்பிரேயருக்கு, கடைக்காரரே பேட்டரி மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில், இது இன்றும் நல்ல தேர்வு.

எடை முதல் குறை. இரண்டாவது குறை பருவ இடைவெளி. நெல்லுக்கு மருந்தடித்து முடித்துக் கொட்டகையில் தூக்கி வைத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப எடுப்பார்கள். இறங்கிய நிலையில் கிடக்கும் லெட் ஆசிடில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அடுத்த பருவத்தில் சார்ஜ் பிடிக்காது. வாரன்டியில் திரும்பி வருகிறவற்றில் இதுதான் நிறைய. எல்.எஃப்.பி. இந்த இடத்தில் தெளிவாக மேல்; பாதி சார்ஜில் வைத்தால் மாதக் கணக்கில் கிடக்கும். அதனால் வருடத்தில் சில வாரம் மட்டும் பயன்படுத்தும் சொந்த ஸ்பிரேயர்க்காரருக்கு லித்தியம் பேக் விற்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வகையையும் கொஞ்ச காலம் சேர்த்தே விற்கலாம்.

பேக்கை வாங்கினாலும் விலகாத பொறுப்புகள்

பதிவு பெற்ற பேக்கை வாங்கிவிட்டால் எல்லாப் பொறுப்பும் பேக் தயாரிப்பாளருடையது என்று நினைத்துவிட வேண்டாம். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, வேறொருவர் செய்த பேட்டரியைத் தன் பிராண்டில், கருவிக்குள் வைத்து விற்கிறவரும் உற்பத்தியாளர் கணக்கில் வருகிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்து, தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை அவருக்கு உண்டு. இது லித்தியத்துக்கும் உண்டு, லெட் ஆசிடுக்கும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அப்படியே: பிறர் செய்த பொருளில் தன் பெயரைப் போட்டு விற்கிறவர் அதற்கு உற்பத்தியாளராகவே கருதப்படுவார், குறையால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் இழப்பீடு அவரிடமும் கேட்கலாம்.

அதனால் ஒவ்வொரு ஸ்பிரேயரின் வரிசை எண்ணோடு அதில் மாட்டிய பேக்கின் வரிசை எண்ணையும் எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு லாட்டில் கோளாறு என்று தெரிந்தால் எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கடைக்குப் போனது என்று ஒரே நாளில் போன் செய்ய முடிய வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் வந்து சேர்ந்த பேக்குகளில் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருப்பது நீங்கள் ஆர்டரில் எழுதிய செல்லும் பி.எம்.எஸ்.ஸும்தானா என்று பாருங்கள். இன்னொன்றை ஸ்பிரேயரில் மாட்டி, தொட்டியைத் தளும்பத் தளும்ப ஊற்றி, கசியவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரித்த பேக்கைத் திரும்ப ஒட்டி விற்கக் கூடாது.